பெயர் வெளியிட வேண்டாம்

வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவரின் பதில்கள்

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவற்றின் அடியில் ஒரே வரி இருக்கிறது: 'பெயர் வெளியிட வேண்டாம்.' முழங்கால் வலியைப் பற்றியோ சிறுநீரகக் கல்லைப் பற்றியோ பத்திரிகைக்கு எழுதுகிறவர்கள் பெயர், வயது, தொழில் எல்லாவற்றையும் தயங்காமல் எழுதுகிறார்கள். மனத்தைப் பற்றி எழுதும்போது மட்டும் அதே மனிதர்கள் மறைந்துகொள்கிறார்கள். உறைமேல் இருக்கும் கையெழுத்தை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாதென்று ஒருவர் முகவரியைத் தட்டச்சு செய்து ஒட்டியிருந்தார். ஆகவே இம்முறை நோய்களைப் பற்றிய கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு, சிகிச்சைக்குப் போவதில் உள்ள தயக்கத்தைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எனக்கு வயது 34. நான்கு மாதங்களாகத் தூக்கம் சரியில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. எதிலும் பிடிப்பில்லை, குழந்தை சிரித்தால்கூட எனக்குச் சிரிக்கத் தோன்றுவதில்லை. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், மனநல மருத்துவரைப் பார்க்கும்படி சீட்டு எழுதிக் கொடுத்து மூன்று வாரமாகிறது. ஒருநாள் வாசல்வரை போனேன். பெயர்ப்பலகையைப் பார்த்ததும், வேறெங்கோ போகிறவள்போல நடந்து வந்துவிட்டேன். உள்ளே போனால் நானும் 'அப்படிப்பட்டவள்' ஆகிவிடுவேனா, டாக்டர்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அம்மா, உங்கள் கடிதத்தில் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது 'அப்படிப்பட்டவள்' என்ற அந்தச் சொல்லைத்தான். எப்படிப்பட்டவள் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாமலே எனக்கும் புரிந்துவிட்டது, இதைப் படிக்கும் எல்லோருக்கும் புரியும். நமக்கு இதை யாரும் பாடம் நடத்தவில்லை. தெருவில் தனக்குத்தானே பேசிக்கொண்டு போனவரைப் பார்த்துச் சிறுவர்கள் கூச்சலிட்டபோதும், பெரியவர்கள் குரலைத் தாழ்த்தி ஒரு வீட்டைப் பற்றிப் பேசியபோதும், 'லூசு', 'மரை கழன்றவன்' என்று நாமே விளையாட்டாகச் சொல்லிச் சிரித்தபோதும் அது நமக்குள் இறங்கிவிட்டது. 1980களில் அமெரிக்கச் சமூகவியலாளர் புரூஸ் லிங்க் இதையே ஒரு கோட்பாடாக வகுத்தார். மனநோயாளிகளைச் சமூகம் எப்படி மட்டமாக நினைக்கிறது, எப்படி ஒதுக்குகிறது என்பதை எல்லோரும் இளமையிலேயே தெரிந்துகொள்கிறார்கள். தமக்கு நோய் வராதவரை அந்த அறிவு யாரையும் தொந்தரவு செய்வதில்லை. நோய் வந்து, அதற்கு ஒரு பெயரும் வைக்கப்பட்ட நாளில்தான், அடுத்தவரைப் பற்றித் தெரிந்துவைத்திருந்த அத்தனையும் தம்மீதே வந்து விழுகிறது என்றார் அவர். அன்று அந்தப் பெயர்ப்பலகைக்கு முன்னால் உங்களை யாராவது பார்த்தார்களா என்று யோசித்துப் பாருங்கள். அநேகமாக ஒருவரும் பார்த்திருக்கமாட்டார்கள். பார்த்தவர் நீங்கள்தான்.

களங்கம் என்று நாம் சொல்வதற்கு மேலைநாட்டார் வழங்கும் 'ஸ்டிக்மா' என்ற சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. அடிமை, குற்றவாளி, துரோகி ஆகியோரை எல்லோரும் அடையாளம் கண்டு விலகிப் போகும்படி உடம்பில் வெட்டியோ சுட்டோ இட்ட குறிக்கு அந்தப் பெயர். 1963இல் எர்விங் கோஃப்மன் அதைச் சமூகவியலுக்குள் கொண்டுவந்தபோது, குறி வெளியே தெரிகிறவர்களுக்கு ஒரு பாடு, தெரியாமல் மறைக்க முடிகிறவர்களுக்கு வேறொரு பாடு என்று பிரித்துக் காட்டினார். இரண்டாம் வகையினருக்கு, யாரிடம் சொல்வது, யாரிடம் மறைப்பது, யாருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பது ஓயாத வேலையாகிவிடும். நான்கு மாதங்களாகத் தூக்கமில்லாத ஒருவர் இந்த வேலையையும் சேர்த்துச் சுமக்கிறார் என்பதை நினைத்தால், வாசல்வரை போனதே பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

உள்ளே என்ன நடக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தெரியாத அறைதான் அதிகம் பயமுறுத்தும். முதல் சந்திப்பில் பெரும்பாலும் பேச்சுதான். தூக்கம், பசி, உடல் எடை, கவனம், வேலை, வீட்டுச் சூழல், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா, வேறு மருந்துகள் சாப்பிடுகிறீர்களா, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறதா என்றெல்லாம் கேட்பார்கள். கடைசிக் கேள்வியைக் கேட்டதும் திடுக்கிட வேண்டாம், எல்லோரிடமும் கேட்கிறோம். பிறகு இரத்தப் பரிசோதனை எழுதக்கூடும், ஏனென்றால் தைராய்டு சுரப்புக் குறைவும் வைட்டமின் பி12 பற்றாக்குறையும் இரத்தசோகையும் மனச்சோர்வைப் போலவே சோர்வையும் பிடிப்பின்மையையும் கொண்டுவரும். மனச்சோர்வுதான் என்று தெரிந்தால், அதன் கடுமையைப் பொறுத்து, பேச்சுவழிச் சிகிச்சையோ மருந்தோ இரண்டுமோ பரிந்துரைப்பார்கள். கடுமை குறைவாக இருந்தால் மருந்தில்லாமலே தொடங்கலாம். அதை ஏற்றுக்கொள்வதா, யோசித்துச் சொல்வதா என்ற முடிவு உங்களுடையது. நீங்கள் சொன்னது அந்த அறையைவிட்டு வெளியே போகாது. உங்கள் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் அதற்கு விலக்கு உண்டு. அந்த விலக்கை நல்ல மருத்துவர் முன்கூட்டியே உங்களிடம் சொல்லிவிடுவார்.

2019ஆம் ஆண்டில் உலகில் 97 கோடிப் பேர், அதாவது எட்டுப் பேருக்கு ஒருவர், ஏதேனும் ஒரு மனநலக் கோளாறோடு வாழ்ந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 'அப்படிப்பட்டவர்கள்' அவ்வளவு பேர். தனியாகப் போக முடியாவிட்டால் நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

மனநோய் மாத்திரையைத் தொட்டால் ஆயுள் முழுவதும் விட முடியாது, அடிமையாகிவிடுவோம் என்று எல்லோரும் சொல்கிறார்களே, உண்மையா?
— ஓர் ஆசிரியர்

எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. 'மனநோய் மாத்திரை' என்று ஒரே மாத்திரை இல்லை. மனச்சோர்வுக்கான மருந்துகள், சாராயத்தைப் போல ஏக்கத்தையும் அளவை ஏற்றிக்கொண்டே போகும் வேட்கையையும் உண்டாக்குவதில்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கக் கேடு, எரிச்சல், உடம்பில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்ச்சி முதலியவை சிலருக்கு வரும். எனவே படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். அவை வேலை செய்யத் தொடங்க இரண்டிலிருந்து நான்கு வாரங்கள் ஆகும் என்பதையும், குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதங்கள் தொடர வேண்டும் என்பதையும் முதல் நாளே தெரிந்துகொண்டவர்கள் பாதியில் விடுவது குறைவு. பென்சோடயசெபின் வகையைச் சேர்ந்த தூக்க மாத்திரைகளும் பதற்ற மாத்திரைகளும் வேறு. அவற்றைச் சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் உடம்பு உண்மையாகவே பழகிப்போய்விடும். வேடிக்கை என்னவென்றால், மனநல மருத்துவரிடம் போகக் கூச்சப்படுகிறவர்கள்தான் யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்த இந்த மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

சிலருக்கு நீண்ட காலச் சிகிச்சை தேவைதான். மிகையெழுச்சியும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறு அதற்கு உதாரணம். ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் முதன்முதலில் எடுத்துக்காட்டிய லித்தியம் இன்றும் அதற்கு முக்கியமான மருந்து. இரத்தப் பரிசோதனை செய்து அளவைக் கவனித்தபடி பல ஆண்டுகள் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரத்த அழுத்த மாத்திரையை முப்பது ஆண்டுகள் சாப்பிடுகிறவரை அடிமை என்று யாரும் சொல்வதில்லை.

என் மகனுக்கு வயது 20. எட்டு மாதங்களாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டே இருக்கிறான். தனக்குள் பேசுகிறான், யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்கிறான். உறவினர்களிடம் அவன் தேர்வுக்குப் படிக்கிறான் என்று சொல்லிவைத்திருக்கிறோம். டாக்டரிடம் வரமாட்டேன், எனக்கு ஒன்றுமில்லை என்கிறான். அவனுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மாத்திரையைக் கலந்து கொடுக்கலாமா?
— ஒரு தந்தை

கலக்காதீர்கள் ஐயா. இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. கேட்கிறவர்கள் கொடுமைக்காரர்கள் அல்லர், களைத்துப்போன பெற்றோர்கள். ஆனால் தன்னைச் சுற்றி ஏதோ சதி நடக்கிறது என்று நம்பும் பிள்ளைக்கு, ஒருநாள் தன் தட்டில் மருந்து கலந்திருப்பது தெரியவந்தால், அவன் நம்பியது மெய்யென்று நீங்களே நிரூபித்தவர்களாவீர்கள். அப்புறம் நீங்கள் கொடுக்கும் எதையும் அவன் சாப்பிடமாட்டான். மருத்துவரையும் உங்கள் கூட்டாளி என்றே நினைப்பான். பக்க விளைவு வந்தாலும் அது எதனால் என்று அவனுக்குத் தெரியாது.

முதலில் நீங்களும் அவன் அம்மாவும் மட்டும் மருத்துவரைப் பாருங்கள். நோயாளி வராமல் பெற்றோர் மட்டும் வந்து பேசுவது எங்களுக்குப் புதிதல்ல. எப்போது தொடங்கியது, என்னென்ன மாறியது, போதைப் பழக்கம் ஏதாவது உண்டா, காய்ச்சலோ வலிப்போ தலையில் அடியோ வந்ததா என்பவற்றைத் தேதிவாரியாக எழுதிக்கொண்டு போங்கள். மகனிடம் பேசும்போது அவன் நம்பிக்கையோடு வாதாடாதீர்கள்; அதை ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். 'உன்னை யாரும் கண்காணிக்கவில்லை' என்று சொல்லச் சொல்ல அவன் விலகிப் போவான். அவனுக்கே தொல்லையாக இருப்பது ஒன்று நிச்சயம் இருக்கும். அநேகமாகத் தூக்கமின்மையாகவோ பயமாகவோ இருக்கும். 'இத்தனை நாளாகத் தூங்காமல் எப்படித் தாங்குகிறாய், அதற்கு மட்டுமாவது ஒருவரைப் பார்ப்போமா' என்று கேட்டுப் பாருங்கள். ஒருமுறை கேட்டதும் வந்துவிடுவான் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவன் தன்னையோ பிறரையோ தாக்கும் நிலை வந்தாலும், உணவையும் தண்ணீரையும் விட்டுவிட்டாலும், சாவைப் பற்றிப் பேசினாலும் அது அவசரநிலை. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கடுமையாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இவ்வகைக் கோளாறுகள் பெரும்பாலும் பதின்வயதின் இறுதியிலும் இருபதுகளிலும்தான் தலைகாட்டும். சிகிச்சையின்றிக் கழியும் காலம் நீள நீள, மீள்வது கடினமாகிறது. 'தேர்வுக்குப் படிக்கிறான்' என்ற பொய் அவனைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னதுதான். ஆனால் அது எட்டு மாதங்களைத் தின்றுவிட்டது. உங்களுக்கு உதவக்கூடிய ஒருவரைக்கூட வீட்டுக்குள் வரவிடாமல் செய்துவிட்டது. எல்லோரிடமும் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. நம்பக்கூடிய ஒரே ஓர் உறவினரிடம் உண்மையைச் சொல்லுங்கள். 1952இல் பாரிஸில் ழான் டிலே, பியேர் டெனிக்கர் என்ற இரு மருத்துவர்கள் குளோர்ப்ரோமசீன் என்ற மருந்தை இந்நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும்வரை உங்களைப் போன்ற பெற்றோர்களுக்கு ஒளித்துவைப்பதைத் தவிர அதிக வழியிருக்கவில்லை. இன்று அந்த நிலை இல்லை.

எங்கள் கல்லூரியில் 'மனநோயும் நீரிழிவைப் போல ஒரு நோயே' என்று சுவரொட்டி ஒட்டினோம். இப்படி அறிவியலைப் பரப்பினாலே களங்கம் நீங்கிவிடும் அல்லவா?
— ஒரு மாணவர்

நீங்கும் என்றுதான் நாங்களும் நெடுங்காலம் நம்பினோம். அமெரிக்காவில் பெர்னிஸ் பெஸ்கோசொலிடோவும் அவருடைய குழுவினரும் 1996இலும் 2006இலும் பொதுமக்களிடம் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்டு ஒப்பிட்டார்கள். மனநோய்க்கு மூளையின் வேதியியல் மாற்றமோ மரபணுவோ காரணம் என்று ஒப்புக்கொள்கிறவர்கள் அந்தப் பத்தாண்டில் கூடியிருந்தார்கள். சிகிச்சைக்குப் போகலாம் என்பவர்களும் கூடியிருந்தார்கள். ஆனால் அப்படிப்பட்டவர் பக்கத்து வீட்டுக்குக் குடிவரலாமா, சேர்ந்து வேலை செய்யலாமா, குடும்பத்தில் சம்பந்தம் செய்துகொள்ளலாமா என்ற கேள்விகளுக்கு வந்த விடைகளில் முன்னேற்றம் இல்லை. 'அவன் குற்றமல்ல, மூளையின் குற்றம்' என்பது பழியைக் குறைக்கிறது. ஆனால் மூளையே அப்படியென்றால் அவன் மாறவேமாட்டான், எப்போது என்ன செய்வானோ என்ற எண்ணத்தை அது வளர்த்தும்விடுகிறது. சுவரொட்டியைக் கிழிக்கச் சொல்லவில்லை. அது சிகிச்சைக்கு ஆளை அனுப்பும். பக்கத்து நாற்காலியில் இடம் கொடுக்க வைக்காது.

பெயர் மாற்றத்துக்குக் கொஞ்சம் பலம் உண்டு. ஜப்பானியர் ஒரு கடுமையான மனநோயைப் பல தலைமுறைகளாக 'மனம் பிளந்துபோன நோய்' என்று பொருள்படும் பெயரால் அழைத்துவந்தார்கள். நோயாளிகளின் குடும்பத்தினர் அமைப்பு கேட்டுக்கொண்டதன்பேரில், அந்நாட்டு மனநல மருத்துவர் சங்கம் 2002இல் 'ஒருங்கிணைவு குலைந்த நிலை' என்று பொருள்படும் புதிய பெயரைச் சூட்டியது. அதுவரை நோயின் பெயரை நோயாளியிடம் சொல்லவே மருத்துவர்கள் கூசினார்கள். ஏறத்தாழ 37 சதவீத நோயாளிகளுக்குத்தான் தெரிவிக்கப்பட்டிருந்தது. மூன்றாண்டுகளுக்குள் அது ஏறத்தாழ 70 சதவீதமானது. மருத்துவர்களின் நாவையே ஒரு பெயர் கட்டிப்போட்டிருந்தது என்பதைக் கவனியுங்கள். அதே நோயை நாம் தமிழில் 'மனச்சிதைவு' என்கிறோம். ஒரு தாயிடம் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டிவரும் ஒவ்வொரு முறையும் நான் ஒரு கணம் நின்றுவிடுகிறேன்.

இதுவரை ஆராய்ந்தவற்றுள் அதிகம் பலித்தது பழக்கம்தான். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2022இல் வெளியிட்ட அறிக்கையும், நோயை அனுபவித்தவர்களோடு நேரில் பழகுவதே களங்கத்தைக் குறைக்கும் வழிகளில் மிகுந்த பயனுடையது என்று சொல்லிற்று. மேடையில் ஒருவர் அரைமணி நேரம் அழுதுவிட்டுப் போவதைப் பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். சம நிலையில், ஒரே வேலையில், திரும்பத் திரும்பச் சந்திக்கும்போதுதான் அது நிலைக்கிறது. விடுதி அறையைப் பகிர்ந்துகொண்ட நண்பன், ஒன்றாகப் பந்து விளையாடியவன், 'போன வருடம் எனக்கு இது வந்தது, சிகிச்சை எடுத்தேன்' என்று பேச்சோடு பேச்சாகச் சொல்வது உங்கள் சுவரொட்டிகள் அத்தனைக்கும் ஈடாகும். ஆனால் அப்படிச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது. சொன்னவனைப் பார்த்து மறுநாள் யாரும் சிரிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் மற்றவர்கள் செய்யக்கூடிய வேலை.

அலுவலகத்தில் சொல்லலாமா?
— பெயர் இல்லை

சொல்லியே ஆக வேண்டும் என்ற கடமை பெரும்பாலான வேலைகளில் இல்லை. விடுப்போ நேரமாற்றமோ வேண்டுமென்றால், அதைத் தரக்கூடியவரிடம், அதற்கு வேண்டிய அளவு மட்டும் சொல்லுங்கள். 'மருத்துவச் சிகிச்சையில் இருக்கிறேன், வாரத்தில் ஒருநாள் ஒரு மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும்' என்பது போதும். சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே நோய் கடுமையாக இருக்கும் நாளில் இந்த முடிவை எடுக்காதீர்கள்.

என் தோழி 'நான் இல்லாமல் போனால் யாருக்கும் நஷ்டமில்லை' என்கிறாள். தற்கொலை எண்ணமா என்று நேரடியாகக் கேட்டால் நானே அதைத் தூண்டிவிட்டதாகிவிடுமோ?
— ஒரு வாசகி

ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆய்வுகளும் அதையே காட்டுகின்றன. பெரும்பாலானோர் கேட்டதும் பாரம் இறங்கியதுபோல் பேசத் தொடங்குகிறார்கள். இன்றே கேளுங்கள். சுற்றி வளைக்காமல் கேளுங்கள். 'ஆம்' என்றால் அறிவுரை கூறாமல் முழுவதும் கேட்டுக்கொள்ளுங்கள், தனியாக விடாதீர்கள், கைக்கெட்டும் தூரத்தில் மருந்தோ பூச்சிக்கொல்லியோ இருந்தால் அப்புறப்படுத்துங்கள், மருத்துவரிடம் நீங்களே கூடப் போங்கள். யாரிடமும் சொல்லாதே என்று அவர் சத்தியம் கேட்டால், அந்தச் சத்தியத்தை மட்டும் செய்துகொடுக்க வேண்டாம்.

மனநல மருத்துவர்களுக்கும் மனநோய் வருமா? வந்தால் என்ன செய்வார்கள்?
— ஒரு வாசகர் (கேலிக்காகக் கேட்கவில்லை என்று குறிப்பிட்டிருக்கிறார்)

வரும். எனக்கு வந்தது. இந்தத் தொழிலுக்கு வந்து பதினோரு ஆண்டுகள் ஆன பிறகு, மேலே முதல் கடிதம் எழுதிய வாசகியைப் போலவே நானும் விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக் கிடந்தேன். நோயாளிகளிடம் நாள் முழுவதும் 'இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்த நான், என்னைத் தெரிந்தவர்கள் இல்லாத ஊராகப் பார்த்து, நான்கு மணி நேரம் பயணம் செய்து ஒரு மருத்துவரிடம் போனேன். வரவேற்பில் பதிவேட்டை நீட்டினார்கள். வேறு ஒரு பெயரை எழுதிவிட்டு, செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் ஒரு பெண் வந்து யார் பெயரையோ கூப்பிட்டார். ஒருவரும் எழவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். யார் இந்த மனிதர், இப்படிக் காக்க வைக்கிறாரே என்று நானும் மற்றவர்களோடு சேர்ந்து திரும்பிப் பார்த்தேன். மூன்றாம் முறை கூப்பிட்டபோதுதான் அது நான் எழுதிக்கொடுத்த பெயர் என்பது நினைவுக்கு வந்து எழுந்தேன்.